சாந்தாமணி மிளகாய் அரைத்து வருவதற்குள்

கேட்டின் கொக்கி விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் நாச்சிமுத்துவுக்கு மூச்சு சீராக வந்தது. போய்விட்டாள். போய்விட்டாளா, இல்லை, செருப்புச் சத்தம் திரும்பி வருகிறது, ஜன்னல் கம்பிக்கு வெளியே சாந்தாமணியின் முகம், இடுப்பில் மிளகாய்த் தூக்கு. “ஏனுங்க, கஞ்சி ஆறிப்போயிருமுங்க, குடிச்சுப்போட்டு அப்பறம் அதைய நோண்டுங்க. தனியா எங்கீம் எந்திரிச்சு நடக்காதீங்க. நா ஒரே ஓட்டமா அரைச்சுட்டு வந்தர்றன்.” அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாய்க்கு வார்த்தை வந்து சேர்வதற்குள் பதிலையும் அவளே சொல்லிவிட்டாள். “செரி செரி, நடக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும்.” பிறகு நிஜமாகவே போனாள். வாதம் அடித்த நாளிலிருந்து அவனை வீட்டில் தனியாக விட்டுப் போவது இதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லி வைத்திருப்பாள், எதிர்வீட்டு நாயிடம்கூடச் சொல்லி வைத்திருப்பாள், அவள் அப்படித்தான். அரவை மில்லில் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது, அது கூட்டத்தைப் பொறுத்தது அல்ல, முன்னால் நிற்பவள் என்ன கொண்டுவந்திருக்கிறாள் என்பதைப் பொறுத்தது. மிளகாய்க்கு முன்னால் மிளகாய் ஓடியிருந்தால் உடனே போட்டுவிடலாம், மல்லி ஓடியிருந்தாலும் பாதகமில்லை, சீயக்காய் ஓடியிருந்தால் போச்சு, அந்தக் கசப்பை வாங்கிக்கொள்ள யாராவது ஒருத்தி ஏமாந்து முன்னால் போகும்வரை ஒவ்வொருத்தியும் “நீங்க போடுங்கக்கா, எனக்கு அவசரமில்லீங்க” என்று உபசாரம் பண்ணிக்கொண்டே நிற்பார்கள். இன்றைக்குச் சீயக்காய் ஓடியிருக்கட்டும் என்று நாச்சிமுத்து வேண்டிக்கொண்டான். கடவுளிடம் கேட்பதற்கு இது ரொம்பச் சின்ன விஷயம்தான், ஆனால் வாயைத் திறக்காமல் கேட்கக்கூடிய இடம் அது ஒன்றுதான் என்பதால் இப்போதெல்லாம் சின்ன விஷயங்களையும் அங்கேயே கேட்டுவிடுகிறான்.

மேஜைமேல் லேப்டாப், அதன் வலது மூலை நசுங்கியிருந்தது. பக்கத்தில் யுஎஸ்பியில் மாட்டுகிற வைஃபை அடாப்டர், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அதற்கு ஒரு குட்டி ஆண்டெனா. அப்புறம் பர்வீன் கொடுத்தனுப்பிய பென்டிரைவ். நூல் மில்லின் கம்ப்யூட்டர் பிரிவில் அவனுக்குக் கீழே வேலை பார்க்கும் பெண் பர்வீன், கீழே என்று சொல்வதே இப்போது பிசகு, இத்தனை மாதமாக அவன் வேலையையும் சேர்த்து அவள்தான் பார்க்கிறாள். அன்றைக்குக் காலையில் இதே நாற்காலியில் இதே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோதுதான் வலது பக்கம் தன்னை விட்டு எங்கேயோ நழுவிப் போவதைப் பார்த்தான். வலி இல்லை, அதுதான் வேடிக்கை, யாரோ தெரிந்தவர் பஸ் ஏறிப் போவதைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சரிந்தபோது லேப்டாப்பும் சரிந்தது. அவனுக்கும் அதற்கும் ஒரே நாளில் ஒரே பக்கம் அடி. அதற்கு உள்ளிருந்த வைஃபை செத்தது, நெட் கேபிள் செருகுகிற ஓட்டை நசுங்கியது, அவனுக்கு வலது கை போயிற்று, பேச்சு போயிற்று, மற்றதெல்லாம் இருவருக்கும் உயிரோடு இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாளான பிறகு, இந்த மாதத் தொடக்கத்தில் மேனேஜர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் சாந்தாமணி. “நாச்சிமுத்து, வீட்ல இருந்தே லேசான வேலையாப் பாக்கறீங்களா, இல்ல கணக்க முடிச்சுக்கறீங்களா, நீங்களே சொல்லுங்க.” அவன் சொல்லத்தான் போனான். தொண்டைவரை வந்துவிட்டது, நெற்றி வேர்த்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது, அந்த வேர்வையைப் பார்க்கச் சகிக்காமல் அவள் குனிந்து போனில் சொல்லிவிட்டாள், “அவருக்கு இனி முடியாதுங் சார்.” அவள் கண்ணும் கலங்கியிருந்தது, அவள்மேல் கோபப்பட முடியுமா, முடியவில்லை, இருந்தாலும் அந்த வாக்கியம் அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. பர்வீன்தான் மறுநாள் வந்து சண்டை போட்டாள். “அக்கா, இந்த மாசம் முடியற வரைக்கும் பொறுங்க. சார் ஒரே ஒரு தடவ, அவராவே, யாரும் கை வைக்காம, நம்ம சர்வருக்குள்ள வந்துட்டாப் போதும். மேனேஜர்கிட்ட நான் வாங்கித் தர்றேன்.” மாதம் இந்த வாரத்தோடு முடிகிறது. போனைக் கேபிளில் மாட்டினால் நெட் வந்துவிடும், அது அவனுக்கும் தெரியும், ஆனால் வீட்டில் நல்லதாக இருக்கும் ஒரே போன் மிளகாயோடு அரவை மில்லுக்குப் போயிருக்கிறது. ஆகவே இந்த நகத்தளவுச் சாமான்தான் கதி.

இடது கையால் அடாப்டரை எடுத்தான். செருகுவது என்பது இரண்டு கைக்காரர்களின் வேலை, ஒன்று பிடித்துக்கொள்ளும் இன்னொன்று செருகும். லேப்டாப்பின் பின்பக்கத்தை வயிற்றால் அண்டக் கொடுத்துக்கொண்டு அழுத்தினான், உள்ளே போகவில்லை, திருப்பி அழுத்தினான், போகவில்லை, முதலில் வைத்தபடியே மறுபடி வைத்தான், போய்விட்டது. இது மட்டும் வாதத்துக்கு முன்னாலும் அப்படித்தான். கறுப்புத் திரையில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று கேட்கும் கட்டளையை ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தான். வந்த பதிலை ஒரு விரலை வைத்துக்கொண்டு படித்தான், இப்போதெல்லாம் விரல் இல்லாவிட்டால் வரி ஓடிவிடுகிறது. டிஸ்க், என்று எழுதியிருந்தது. டிஸ்க்கா. மறுபடி படித்தான். வைஃபை என்று வாங்கிவந்த சாமான் தன்னை சிடி என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண் தப்பாகப் படிக்கிறதா, எழுத்து மாறுகிறதா, மறுபடி ஆரம்பித்துவிட்டதா. இல்லை. அவனுக்கு இது தெரியும். எத்தனையோ முறை பார்த்தது. விண்டோஸ்காரர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று இந்தச் சாமான்களுக்குள்ளேயே ஒரு சிடி மாதிரி வைத்துவிடுகிறார்கள், முதலில் கேட்டால் நான் சிடி என்றுதான் சொல்லும், அதை வெளியே தள்ளினால்தான் நிஜமான பெயரைச் சொல்லும். நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது, வாயின் இடது பாதியில் மட்டும் வந்தது. ஆஸ்பத்திரியில் முதல்நாள் அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா “உங்க பேரென்னங்க?” என்று கேட்டபோது அவன் நிதானமாக, மரியாதையாக, “வியாழக்கிழமை” என்றான். சொன்னது தப்பு என்பது அவன் காதுக்கே தெரிந்தது, திருத்திச் சொன்னான், மறுபடியும் வியாழக்கிழமைதான் வந்தது. சாந்தாமணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் படம் படமாகக் காட்டினாள், மாட்டுக்கும் சீப்பு என்றான், குடத்துக்கும் சீப்பு என்றான், சீப்பு படம் வந்தபோது மட்டும் வாய் திறக்கவில்லை. உள்ளே இருந்தது நாச்சிமுத்துதான், முழுசாக இருந்தான், வெளியே சொன்ன பெயர்தான் வேறு. அந்தப் பெண் பொறுமையாகத் தினமும் வந்தாள், ஒரு நாளும் பரிதாபப்பட்டு ஒரு பார்வை பார்த்ததில்லை. நல்லா இருக்கட்டும். அவன் இடது சுட்டுவிரலால் வெளியே தள்ளும் கட்டளையை அடித்தான், அடாப்டரின் விளக்கு அணைந்து மறுபடி வந்தது, மறுபடி கேட்டான், இந்தத் தடவை அது தன் சொந்தப் பெயரைச் சொல்லியது. சந்தோசமுங்க, என்று அவன் அதற்கு மனசுக்குள் சொன்னான்.

பெயரைச் சொன்னதே தவிர வேலை செய்யவில்லை, லேப்டாப்பில் ஓடும் லினக்ஸோடு அதைப் பேசவைக்கும் டிரைவர் இல்லை, அதுவும் தெரிந்ததுதான். டிரைவரை நெட்டிலிருந்து இறக்க வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும், இந்தக் கூத்துக்காகத்தான் பர்வீன் எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டு அனுப்பியிருக்கிறாள். ஃபோல்டரின் பெயர் அத்தனை நீளம். அவன் முதல் இரண்டு எழுத்தை அடித்துவிட்டு டேப் பட்டனை அழுத்தினான். மீதிப் பெயரை லினக்ஸே எழுதி முடித்துக்கொண்டது. அடுத்ததற்கும் இரண்டு எழுத்து அடித்து டேப்பை அழுத்தினான், இந்தத் தடவை அது எழுதவில்லை, சும்மா நின்றது, இன்னொரு முறை அழுத்தினான், இதுவா, அல்லது இதுவா என்று இரண்டு பெயரைக் கீழே காட்டிவிட்டு மறுபடி நின்றது. நாச்சிமுத்து அந்த மின்னுகிற சின்னக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபது வருஷத்துக்கு மேல் இதை அழுத்தியிருக்கிறான், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. ஒரே ஒரு வழிதான் உண்டு என்றால் முடித்துத் தருகிறது, இரண்டு வழி இருந்தால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறது. இவ்வளவுதானே. மனுசங்களுக்கு இது ஏன் வருவதில்லை. அவன் ஜன்னல் என்று சொல்ல ஜ என்று தொடங்குவான், சாந்தாமணி சட்டையோடு வந்து நிற்பாள், அவன் தலையாட்டுவான், போர்வையோடு வருவாள், மறுபடி ஆட்டுவான், “அப்ப பசிக்குதுங்களா?” என்பாள், கடைசியில் அவன் போகட்டும் என்று சாப்பிட்டுவிடுவான், இந்த நாலு மாதத்தில் ஒரு சுற்று பெருத்ததற்கு அதுதான் காரணம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவனைத் தூக்கி உட்கார வைத்தவள் அவள், மலம் அள்ளியவள் அவள், ராத்திரியெல்லாம் அவன் மூச்சு வருகிறதா என்று மூக்குக்கு நேரே புறங்கையை வைத்துப் பார்த்தவள் அவள். அன்பு அவளுக்கு அவசரமாக வருகிறது. அவன் வாய் கோணுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் ஆகாது. லினக்ஸுக்கு அன்பு இல்லை, அதனால் காத்திருக்கிறது. இரண்டும் வேண்டியிருக்கிறது மனுசனுக்கு, என்ன செய்ய, இரண்டுக்கும் அவன் கடன்பட்டவன்தான். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. ஒரு வாய் குடித்தான், இடது ஓரமாகக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வலது ஓரமாக வெளியே வந்துவிடும்.

அடுத்த வரிக்கு அது பாஸ்வேர்டு கேட்டது. நாச்சிமுத்து இடது கையைத் தூக்கியபடி அப்படியே இருந்தான். பாஸ்வேர்டு. தெரியும். தெரியுமா. எந்த எழுத்தில் ஆரம்பிக்கும். ஒன்றும் இல்லை, சுத்தமாக ஒன்றும் இல்லை, கழுவிவிட்ட தரை. இது வார்த்தை போன இடத்தோடு சேர்ந்து போயிருக்குமா. பிடரியில் வேர்த்தது. யாரிடமும் சொன்னதில்லை, எங்கேயும் எழுதி வைத்ததில்லை, அப்படி எழுதி வைக்கிற ஆபரேட்டர்களை எத்தனை முறை கடிந்திருக்கிறான். தினமும் அடித்தது, பேசிக்கொண்டே அடித்தது, டீ குடித்துக்கொண்டே அடித்தது, கண்ணை மூடிக்கொண்டு அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு. அதுதான். அது அவனுக்கு எழுத்தாகத் தெரிந்ததே இல்லை, பத்து விரலுக்குத்தான் தெரியும், ஐந்து விரல் இப்போது வேலையில் இல்லை. அவன் மடியில் கிடந்த வலது கையை இடது கையால் எடுத்தான். கனமாக இருந்தது, எப்போதும் இருப்பதைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது, சாந்தாமணி காலையில் தேய்த்துவிட்ட எண்ணெய் வாசம் அடித்தது. கீபோர்டின்மேல் அதன் பழைய இடத்தில் விரல் விரலாக விரித்து வைத்தான். இடது கையை அதன் இடத்தில் வைத்தான். கண்ணை மூடினான். அடிக்காதே, அடிக்கப் போகிற மாதிரி இரு, என்று தனக்கே சொன்னான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் கீரைக்காரர் மைக்கில் கூவிக்கொண்டு போனார், எதிர்வீட்டு நாய் அவருக்குப் பதில் சொன்னது. பிறகு இடது நடுவிரல் தானாகப் போய் ஓர் எழுத்தில் நின்றது, அதற்கு அடுத்து, அவன் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டே பார்த்தான், வலது மோதிர விரலுக்குள் எங்கோ ஒரு துடிப்பு. விரல் அசையவில்லை. அசைய நினைத்தது. அந்த நினைப்பு மட்டும் வந்து சேர்ந்தது. அந்த விரலுக்குக் கீழே என்ன எழுத்து என்று கண் திறந்து பார்த்து இடது கையால் அதை அடித்தான். மறுபடி கண்ணை மூடினான். இப்படியே ஒவ்வொன்றாக, இடது கை தன் பங்கை எழுதியது, வலது கை தன் பங்கை நினைத்தது. திரையில் எதுவும் தெரியாது, லினக்ஸ் அந்த விஷயத்தில் கல், ஒரு நட்சத்திரம்கூடக் காட்டாது. முடித்து எண்டர் தட்டினான். ஏற்றுக்கொண்டது. நாச்சிமுத்து குனிந்து வலது கையை முகத்தில் ஒற்றிக்கொண்டான், நாலு மாதமாகச் செத்த கை என்று திட்டிய கையை. நீ இருக்கிறாயா, நீயும் இருக்கிறாயா, என்று கேட்டபோது கண்ணீர் வந்தது, அதைத் துடைக்கவும் அந்தக் கையையே தூக்கிப் பயன்படுத்தினான்.

பர்வீன் அனுப்பியதை நிறுவியது, டிரைவரைக் கட்டச் சொன்னான், தொடங்கியது, ஒரு வரி ஓடியது, நின்றது. அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை என்றது. மறுபடி அடித்தான். இல்லை. எழுத்துப் பிழையா என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தான், பிழை இல்லை, ஃபோல்டரும் இல்லை. பர்வீன் தப்பாக அனுப்பமாட்டாள். எங்கே தேடுகிறது என்று பார்த்தான், எண்களைப் பார்த்தான், எண் இன்னும் கஷ்டம், ஆறும் ஒன்பதும் இடம் மாறி மாறி உட்கார்ந்துகொள்கின்றன. பர்வீன் அனுப்பியது லினக்ஸின் அடித்தளமான கர்னலின் புதுப் பதிப்புக்கு உரியது, இந்த இயந்திரம் பழைய கர்னலில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏன். அன்றைக்குக் காலையில்தானே புதுசுக்கு மாற்றினான், ஆபீசில் பர்வீனும் அதே நாள் மாற்றினாள். மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அதற்குள். அதற்குள்தான் விழுந்துவிட்டான். அப்படியானால் அன்றையிலிருந்து இதை யாரும் அணைக்கவே இல்லை. சாந்தாமணி. மூடியை மூடி, தூசி படாமல் துண்டைப் போர்த்தி, தவறாமல் சார்ஜில் போட்டு வந்திருக்கிறாள், சுவரில் சார்ஜரின் அந்த மஞ்சள் விளக்கு இத்தனை மாதமும் எரிந்துகொண்டிருந்ததை அவன் கட்டிலிலிருந்து பார்த்திருக்கிறான். ஒருமுறை அவள் தங்கச்சி பிடுங்கிவிடப் போனபோது “விடு புள்ள, அவரு தெறந்து வெச்சது, அவரே வந்து அமத்தட்டும்” என்றாள். அதுதான் சங்கதி. தூங்கிக்கொண்டிருந்த இந்தப் பெட்டிக்குள் அந்தக் காலை அப்படியே இருந்தது. கறுப்புத் திரையை ஒதுக்கிவிட்டுப் பின்னால் பார்த்தான். அன்று திறந்த ஜன்னல்கள் எல்லாம் அடுக்கி வைத்தபடி. பாதி எழுதிய ஒரு மெயில், பர்வீனுக்கு, “சாயங்காலம் கிளம்புவதற்கு முன்னால் அந்த” என்று நின்றிருந்தது. அந்த என்ன. அந்தக் கேபிளையா, அந்தப் பேக்கப்பையா, அந்த ஆளிடமா. அவன் எழுதியதுதான், அவன் விரல்தான், இதை எழுதியபோது ஒரு வார்த்தைக்கும் அவன் காத்திருந்ததில்லை, அடுத்த சொல் தயாராக நின்றிருக்கும். நாச்சிமுத்து முடித்துப் பார்க்க முயன்றான், எந்தச் சொல்லைப் போட்டாலும் பொருந்தியது. பொருந்துவதெல்லாம் சரியாகிவிடாது. சாந்தாமணிக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் முதல்முறையாக அவனுக்கு உறைத்தது, ஜ என்ற ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு அவள் எத்தனை சாமான் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் சரியாகிவிடும். செய்தால் அந்தக் காலை போய்விடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, எத்தனை ஆயிரம் முறை, எத்தனை ஆபரேட்டர்களிடம் போனில், “அணைச்சுப் போட்டுப் பாருங்க” என்று சொல்லித்தானே சோறு தின்றான். ஆனால் கை போகவில்லை. அடிபட்டது. மூலை நசுங்கியது. ஓடிக்கொண்டிருக்கும்வரை ஓடும், அணைத்தபின் வராமல் போனால். இப்படி எத்தனை பெட்டிகளைப் பார்த்திருக்கிறான், நன்றாகத்தான் இருந்தது சார், அணைத்தேன் சார், அப்புறம் வரலை சார். எம்ஆர்ஐ குகைக்குள் படுக்க வைத்தபோது கண்ணை மூடச் சொன்னார்கள், மூடினால் திறக்குமா என்று பயந்து கடைசிவரை திறந்துகொண்டே கிடந்தான். முதல் வாரம் தூங்கவே பயம். தூக்கத்தில் இன்னொரு பக்கமும் போய்விட்டால். மூக்குக்கு நேரே அவள் புறங்கை வந்து நிற்கும், வளையல் சத்தம் வராமல் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பாள், அந்தக் கையின் சூட்டுக்காக அவன் தூங்குவதுபோல் மூச்சு விடுவான், விட்டு விட்டு அப்படியே நிஜமாகத் தூங்கிப்போவான், காலையில் திறந்து பார்த்தால் எல்லாம் இருக்கும், விட்டம், மின்விசிறி, சாந்தாமணி. ஒரு நாளும் இல்லாமல் போனதில்லை. அவன் அந்த மெயிலைச் சேமிக்கவில்லை. எழுதியவன் என்ன நினைத்தான் என்று இனி யாருக்கும் தெரியாது, போகட்டும், அவன் நல்லவன்தான், கொஞ்சம் அவசரக்காரன். ரீஸ்டார்ட் என்று அடித்தான், எண்டரில் விரலை வைத்துக்கொண்டு ஒரு கணம் தயங்கினான், அழுத்தினான். திரை கறுத்தது. அதில் அவன் முகம் தெரிந்தது, கோணல் வாயோடு. லேப்டாப்புக்குள் ஓடும் குட்டி விசிறியின் சத்தம் நின்றது. நின்றே இருந்தது. மனசுக்குள் ஒரு சாமி பேரும் வரவில்லை, வியாழக்கிழமை என்றுதான் வந்தது, அதையே சொல்லிக்கொண்டிருந்தான். உள்ளே எதுவோ சுழலும் சத்தம் கேட்டது. மேலே ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மின்னியது.

அப்புறம் நடந்ததெல்லாம் தண்ணி பட்ட பாடாக நடந்தது. பாஸ்வேர்டை இரண்டு கையும் சேர்ந்து மறுபடி கண்டுபிடித்துத் தந்தன, டிரைவரைக் கட்டச் சொன்னதும் வரி வரியாக ஓடத் தொடங்கியது, படிக்க முடியாத வேகத்தில், படிக்கத் தேவையில்லாத வரிகள். சாய்ந்து உட்கார்ந்து பார்த்தான். இதை எழுதியது யார். கூடவே இருந்த குறிப்பில் ஒரு பெயர் இருந்தது, எந்த நாட்டுப் பெயரென்று தெரியவில்லை, ஆணா பெண்ணா என்றும் தெரியவில்லை. இந்தச் சாமானை விற்றவர்கள் விற்றதோடு சரி, இதை லினக்ஸில் ஓட வைக்க வேண்டும் என்று எந்த ஊரிலோ யாரோ ஒருவர் தன் சொந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதி, ஒவ்வொரு முறை கர்னல் மாறும்போதும் திருத்தி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருக்கிறார். சிங்காநல்லூரில் ஒரு மனுசன் ஒற்றைக் கையோடு இதற்காக உட்கார்ந்திருப்பான் என்று அவருக்கு எப்படித் தெரியும். தெரியாமலே செய்திருக்கிறார். நாச்சிமுத்துவுக்கு அந்த ஆளை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு இலை போட்டுச் சாப்பாடு போட வேண்டும் என்று இருந்தது, சாந்தாமணி பரிமாறினால் எழுந்து போக முடியாத அளவுக்குப் போடுவாள். அந்த டாக்டரம்மாவுக்கு, படம் காட்டிய பெண்ணுக்கு, ஆம்புலன்ஸ் வரும்வரை தலையை மடியில் வைத்துக்கொண்ட பக்கத்து வீட்டம்மாவுக்கு, எல்லோருக்கும் பந்தி போட வேண்டும். வரிகள் நின்றன. பிழை என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடினான், இல்லை. நிறுவினான், ஏற்றினான். அடாப்டரின் ஓரத்தில் நீல விளக்கு ஒன்று எரிந்து, அணைந்து, எரிந்து, படபடக்க ஆரம்பித்தது. அக்கம்பக்கத்து வைஃபைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன, மாடி வீட்டுப் பையன் வைத்த ‘ஓசியில் வராதே’, கடைசி வீட்டு ரிடையர்டு வாத்தியாரின் ‘சிவமயம்’, நடுவில் அவன் வீடு. பழைய சாவியை மறக்காமல் வைத்திருந்தது போலிருக்கிறது, அவன் தொடுவதற்கு முன்னால் தானாகவே போய் ஒட்டிக்கொண்டது. வாயைத் திறந்து சத்தமாக ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று அவனுக்கே தெரியாது, சொல்லாக இருந்திருக்காது.

மில் சர்வருக்குள் போகும் கட்டளையை அடித்துக்கொண்டிருக்கும்போதே கேட் திறந்தது. சீயக்காய் ஓடியிருக்கவில்லை போலும், அல்லது ஓடியிருந்தும் அவள் தன் மிளகாயைப் போட்டிருப்பாள், புருசன் தனியாக இருக்கிறான் என்று. கொல்லையில் குழாய் திறந்த சத்தம், கை கழுவுகிறாள், சோப்பு போட்டு நன்றாகவே கழுவுகிறாள். கூடவே நெடி உள்ளே வந்தது, அவன் தும்மினான், தும்மிக்கொண்டே எண்டரை அழுத்தினான். உள்ளே விட்டது. கேள்வி இல்லை, எங்கே போயிருந்தாய் என்று இல்லை. இதற்குமுன் கடைசியாக உள்ளே வந்தது என்று ஒரே ஒரு வரி, அதன் எதிரே அந்த நாள், அந்தக் காலை. நாச்சிமுத்து அந்தத் தேதியைப் பார்த்தான். ஆம்புலன்ஸும் குகையும் சீப்பும் அழுகையும் எதுவும் அந்த வரிக்குத் தெரியாது. அவன் டீ குடிக்கப் போய்விட்டு வந்த மாதிரி பாவித்துக் கதவைத் திறந்துவிட்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் சாந்தாமணி வந்து நின்றாள். “வந்துருச்சுங்களா?” என்றாள், குரல் ஒரு மாதிரி இருந்தது. அதற்குள் திரையில் ஒரு வரி தானாக முளைத்தது, ஆங்கில எழுத்தில் தமிழ், அதே சர்வருக்குள் இருக்கும் பர்வீன் எப்போதும் அனுப்புகிற மாதிரி. ‘சார்? நீங்களா? இல்ல அக்காவா?’

நாச்சிமுத்து இடது கையைக் கீபோர்டுக்குக் கொண்டுபோனான். நா என்று ஆரம்பித்தான். அடுத்த எழுத்து வலது கையின் பக்கத்தில் இருந்தது, எங்கே என்று தெரியவில்லை, இப்போதுதான் அங்கே இருந்தது, விரல் அந்தரத்தில் நின்றது, நெற்றி வேர்த்தது. தோளுக்கு மேலே சாந்தாமணியின் கை நீண்டது. அவளுக்கு அந்த எழுத்து தெரியும், விரல் அதற்கு நேரே போய்விட்டது, ஒரு அழுத்து அழுத்தினால் முடிந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அந்தக் கை அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் போயிற்று. “கையெல்லாம் மொளகாத்தூளுங்க,” என்றாள் சாந்தாமணி, “பட்டா எரியும். நீங்களே அடிங்க.” அவள் காத்திருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள் என்பது பிடரியில் காற்று படாததிலிருந்து தெரிந்தது. எழுத்து கிடைத்தது. அடுத்ததும் கிடைத்தது. ‘நான்தான்’ என்று அடித்து முடித்து அனுப்பினான். எப்படி இருக்கீங்க சார் என்று வரும், உடம்பைப் பாத்துக்குங்க சார் என்று வரும், இத்தனை மாதமும் எல்லோரும் சொன்னது அதுதான், அதற்கும் நன்றி சொல்ல அவன் தயாராக இருந்தான். வரி வந்தது. ‘சார், நேத்து பேக்கப் பாதில நின்னுபோச்சு. எனக்குப் பிடிபடல. கொஞ்சம் பாத்துத் தர்றீங்களா?’ அவன் விரல் வைத்து ஒரு முறை படித்தான், இன்னொரு முறை படித்தான். வாதம் அடித்த நாளிலிருந்து அவனுக்கு உதவி செய்யாத மனுசர் இல்லை, அவனிடம் ஓர் உதவி கேட்ட மனுசரும் இல்லை. சாந்தாமணி அதைச் சத்தமாகப் படித்தாள், பாதியில் குரல் போய்விட்டது, மீதியை உதட்டால் மட்டும் படித்தாள், ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாச்சிமுத்து மடியிலிருந்த வலது கையை எடுத்துக் கீபோர்டின்மேல் அதன் இடத்தில் வைத்தான். பிறகு இடது கையால் எழுத்து எழுத்தாகத் தேடி, ‘பார்க்கிறேன்’ என்று அடித்தான்.